ஒத்த வார்த்த ஆபீசர்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் துளசிராமன் ஏறாத மேடை இல்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் இறங்கிய மேடையும் இல்லை. தண்ணீர்த் தொட்டி திறப்பு விழாவாக இருக்கட்டும், கிரிக்கெட் போட்டிக்குப் பரிசு கொடுக்கிற விழாவாக இருக்கட்டும், அவர் மைக்கைத் தட்டிப் பார்த்ததுமே கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்.

“ஆபீசர், அந்த ஒத்த வார்த்தய எட்து உடு!”

அவர் கொஞ்சம் பிகு செய்துகொள்வார். “எத்தினி தபாப்பா கேப்பீங்க? காது புளிச்சிப் போவல?” பிறகு ஆரம்பிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. இலங்கைக்குப் போன படையில் அவர் உளவுப் பிரிவு. வடக்கே ஒரு கடலோர கிராமத்தில் வீடு வீடாகச் சோதனை. போராளிகள் ஊரோடு ஊராகக் கலந்திருக்கிறார்கள். யார் போராளி, யார் பள்ளிக்கூடத்துப் பையன் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கும்? ஒரு வீட்டு வாசலில் பதினேழு பதினெட்டு வயதில் ஒருவன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு அம்மா. இந்திக்கார கேப்டன், இவன் யார் என்று கேட்கச் சொல்கிறார். துளசிராமன் கேட்கிறார். பதற்றத்தில் அந்த அம்மா வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.

இந்த இடத்தில் நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். கூட்டம் ஒரே குரலில் கத்தும்.

“பெடியன்!”

“பெடியன்! அவ்ளோதான். அந்த ஊர்ல பெடியன்னா துப்பாக்கி தூக்குனவன். ‘எங்கட பெடியன்’னு அந்தம்மா வாயில இருந்தே வந்துச்சு. தமிழ் தெரிஞ்சவன் ஒர்த்தன் அங்க நின்னதால, ஒரு தோட்டா செலவில்லாம ஆளு புடிபட்டான். ஒத்த வார்த்த!”

விசில் பறக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது முதல் தடவை கேட்டேன். கூச்சத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத நானும் அன்றைக்குக் கத்தினேன். பெடியன்! அர்த்தம் தெரியாத சொல்லைக் கத்துவதில் ஒரு சுகம் இருந்தது.

துளசிராமனுக்குச் சொந்த ஊர், சிப்காட் மதில் சுவருக்கும் ஏரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சின்ன ஊர். அப்பா வேர்க்கடலைக் கொல்லையில் கூலி. பத்தாவது முடித்த கையோடு எழுபதாம் வருஷம் ரயிலேறிப் பட்டாளத்தில் சேர்ந்தார். வயர்லெஸ் வேலையில் தொடங்கி உளவுக்கு வந்தார். ஆந்திரா எல்லையில் பிறந்ததால் தெலுங்கு கூடவே வந்தது. இந்தியும் பஞ்சாபியும் பட்டாளம் கொடுத்தது. தொண்ணூற்றிரண்டில் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்று வந்தார். அது ஆபீசர் பதவியே இல்லை என்று விவரம் தெரிந்த பட்டாளத்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம். எங்களுக்கு அவர் ஆபீசர்தான்.

ஊருக்கு வந்தபோது கொல்லை இல்லை. கொல்லை இருந்த இடத்தில் ஒரு கம்பெனி இருந்தது. நிலம் கொடுத்தவர்கள் குடும்பத்துக்கு வேலை என்று வாக்குக் கொடுத்திருந்த அந்தக் கம்பெனி, இருநூறு உள்ளூர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லிக் காட்டத்தான் ஆளில்லை. தொண்ணூற்றெட்டில் துளசிராமன் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று நாள், மூன்று ஷிப்டுக்கும் உட்கார்ந்தார். உள்ளூர்க்காரன் சைக்கிளில் வருவான், வெளியூர்க்காரன் கம்பெனி பஸ்ஸில் வருவான். சைக்கிளை எண்ணினார். நாற்பத்தொன்று. எந்தச் சைக்கிள் யாருடையது, எதற்குப் பெல் இல்லை, எதற்கு மட்கார்டு இல்லை என்பது முதல் எழுதி, ஒரு திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த ஆறு மாதத்தில் அறுபது பேருக்கு வேலை வந்தது. என் அண்ணன் அந்த அறுபதில் ஒருவன்.

தொண்ணூற்றாறில் வார்டு மெம்பராக இருந்தவர், இரண்டாயிரத்தொன்றில் ஊராட்சித் தலைவர் ஆனார்.

அவர் யாரையும் நேராக எதையும் கேட்க மாட்டார். “கேள்வி கேட்டா பதிலுதான் கெடைக்கும். சும்மா குந்தினிருந்தா சங்கதி கெடைக்கும்” என்பார். ஒருத்தன் சொன்னால் அது வதந்தி, ஒருத்தனுக்கொருத்தன் தெரியாத இரண்டு பேர் சொன்னால்தான் தகவல் என்பது அவருடைய சட்டம். அவர் மனைவி கன்னியம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: “கொழம்புல உப்பு கீதுன்னு நான் சொன்னா நம்பமாட்டாரு. பக்கத்தூட்டுக்காரி நாக்குல ஒரு சொட்டு வெச்சிப் பாத்து அவளும் சொல்லணும். அப்பதான் சோத்துல ஊத்துவாரு.”

இரண்டாயிரத்தாறு உள்ளாட்சித் தேர்தலில் கட்சி அவருக்கு ஒன்றியக் கவுன்சிலர் சீட் கொடுத்தது. வீட்டுக்கு வீடு கொடுக்க, அவருடைய வாழ்க்கையைப் பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தார்.

கடை அப்ரார் பாயுடையது. பழவேற்காட்டிலிருந்து வந்து ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், கம்ப்யூட்டர் டைப்பிங் என்று போர்டு வைத்திருந்தார். நான் டைப் அடிப்பவன். பிழை திருத்துவதும் பக்கம் மடித்துத் தைப்பதும் யோகராணி அக்கா வேலை. அவர் இலங்கை அகதிகள் முகாமில் இருந்தார். தொண்ணூறில், பதின்மூன்று வயதில், படகில் வந்தவர். பதினாறு வருஷமாகக் கும்மிடிப்பூண்டியில் இருந்தும் பேச்சு மாறவில்லை. “எங்க கடயில ல, ள, ழ மூணுக்கும் கேரண்டி” என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

துளசிராமன் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றபடியே சொல்வார். நான் அடிப்பேன். நான்கு காலை இப்படிப் போனது. ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் அவர் வாய் திறக்கும் முன்னாலேயே நான் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். தலைப்பு: ஒரே ஒரு சொல்.

“பாத்தியா பாய், இவனுக்கு மனப்பாடம்” என்றார்.

“இவனா? இவன் டிராயர்ல கவித புஸ்தகத்த வெச்சினு, நான் அந்தாண்ட போனா தெறந்துக்குவான். உங்க கதையாச்சும் புரியற மாரி கீது.”

மறுநாள் காலை படி எடுத்து யோகராணி அக்காவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். அவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. முகாமில் யாருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டில்லாத ஆள் கூட்டத்துக்கு எதற்கு வர வேண்டும்? அதனால் அந்தக் கதையை அவர் அன்றைக்குத்தான் முதலில் படித்தார். ஏழாம் பக்கத்தில் ‘பெடியன்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். வெகுநேரம் அந்த வட்டத்தின் மேலேயே பேனா சுற்றிக்கொண்டிருந்தது.

“இது பிழை, அன்பு.”

“எழுத்துப் பிழையாக்கா? டி-யா, டீ-யா?”

“எழுத்துச் சரி. விசயம் பிழை. பெடியன் எண்டால் பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெடியன், பள்ளிக்கூடத்துப் பெடியன். என்ர தம்பியை அம்மா இண்டைக்கும் பெடியன் எண்டுதான் சொல்லுறவ. அவனுக்கு இருபத்தஞ்சு வயசாகப் போகுது, நாயைக் கண்டாலே ஓடுவான்.”

“அப்ப போராளின்னு சொல்றது?”

“பெடியள் எண்டு பொதுவாக் கதைச்சால் அது இயக்கம். பெடியள் வந்து போனவங்கள், பெடியள் அடிச்சவங்கள் எண்டு. ஆனா ஒரு தாய், தன்ர வாசல்ல, தன்ர பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு, எங்கட பெடியன் எண்டு சொன்னா... நீங்களும் பொடியன் எண்டு சொல்லுறனீங்கள்தானே? அதுதான் இது.”

என் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன. பொடியன். பொடிப்பையன். என் அம்மா என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். ஒரு எழுத்து மாறியதும் அதை வேறு நாட்டுச் சொல் என்று நினைத்து, பத்து வருஷம் கத்தியிருக்கிறோம். நான் கத்தியது ஒரு தாய் தன் மகனுக்காகக் கெஞ்சிய வார்த்தை.

அப்ரார் பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யம்மா ராணி, நாம பிரஸ்ஸு, கோர்ட்டு இல்ல. அவரு சொன்னாரு, நாம அடிச்சோம். வட்டத்த அழி.”

“அழிக்கலாம் பாய். ஆனா இந்தப் பக்கத்தை நான் மடிக்க மாட்டன்.”

“இன்னாம்மா பேஜாரு பண்ற!”

பாய் திட்டி முடிப்பதற்குள் வாசலில் துளசிராமன் செருப்பைக் கழற்றினார். யாரும் அந்தப் படியை ஒளித்து வைக்கவில்லை. அவர் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் கை நின்றது.

“இது இன்னா வட்டம்?”

யோகராணி அக்கா எழுந்து நின்றார். என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

துளசிராமன் சிரித்தார். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். “எங்களுக்கு லிஸ்டே குடுத்தாங்கம்மா. நாங்க கப்பலேறும்போது ஒரு தாளு. தமிழ் ஆளுங்களுக்கே தமிழ் வார்த்த லிஸ்ட்டு, இருபது வார்த்த. மூணாவது வார்த்த இது. பெடியள், அதுக்கு நேரா போராளிகள்னு டைப் அடிச்சிருந்துச்சு.”

“அது பெடியள், ஐயா. நீங்கள் கேட்டது பெடியன்.”

“ஒண்ணு பன்ம, ஒண்ணு ஒரும. அவ்ளோதான வித்தியாசம்?”

“இல்லை ஐயா.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. டீக்கடையில் உட்கார்ந்து சைக்கிள் எண்ணிய கண் அதுவாகத்தான் இருக்க வேண்டும். “சரி, ஒண்ணு பண்ணு. உன் தம்பி இயக்கத்துல கீறான்னு வெச்சிக்க. பட்டாளம் வந்து கேக்குது. உங்கம்மா எப்பிடிச் சொல்லும்?”

“ஒண்டும் சொல்ல மாட்டா. அவன் இஞ்ச இல்லை எண்டுவா.”

“இயக்கத்துல இல்ல. ஊட்லதான் கீறான். கேக்குறாங்க.”

“அவன் எங்கட பெடியன் எண்டுவா.”

துளசிராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு குரலில், அச்சு அசலாக அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார்:

“ஐயா, அவன் எங்கட பெடியன். ஒரே பெடியன். தகப்பன் கடலுக்குப் போய் வரேல்லை.”

யோகராணி அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அந்தம்மா மூணு வரி சொல்லுச்சு. மேடைல நான் மொத வரியத்தான் சொல்வேன். ஒரே பெடியன்னா, எல்லாம் ஒரே கும்பல்னு எட்துகினேன். தகப்பன் கடலுக்குப் போய் வரலன்னா...” அவர் மூச்சு விட்டார். “படகுல ஆயுதம் கொண்டாரப் போயிருக்கான், இன்னும் வரலன்னு கேப்டனுக்குச் சொன்னேன். கெணத்தாண்ட தோண்டச் சொன்னாரு. தோண்டுனோம். ஒண்ணும் கெடைக்கல. அத்தயும் நான் மேடைல சொன்னதில்ல.”

ஒரே ஒரு சொல் என்று தலைப்பு வைத்திருந்தேன். மூன்று வரியும் பிழையாகப் போயிருந்தது.

“பிறகு அவனுக்கு என்ன நடந்தது?” என்றார் யோகராணி அக்கா.

“லாரில ஏத்திப் பட்டாள முகாம்ல ஒப்படைச்சேன். மூணாம் நாளு எனக்குப் பாராட்டுக் கடுதாசி குடுத்து வயர்லெஸ் ரூமுக்கு மாத்திட்டாங்க. காதுல கருவிய மாட்டினு ஒன்னரை வருசம் அந்த ரூம்லயே கெடந்தேன். அந்தப் பேச்சுல பெடியள்னா போராளிதான். வேற மாரி கேக்கவே இல்ல. மறுபடியும் ஒரு ஊட்டு வாசல்ல நான் நிக்கல.”

“நீங்கள் விசாரிக்கேல்லையா?”

“ஜெயிச்ச கேச யாரும்மா திருப்பி விசாரிப்பான்?”

“அவன்ர பேர் என்ன?”

துளசிராமன் நிமிர்ந்தார். பெல் இல்லாத சைக்கிளை எட்டு வருஷம் கழித்தும் அடையாளம் சொல்கிற மனிதர். “கேட்டு நீலக் கலரு, தகரம். வலது பக்கம் முருங்க மரம். ரெண்டு ஆடு, ஒண்ணுக்குக் காது கிழிஞ்சிருந்துச்சு. அந்தம்மா கால்ல செருப்பில்ல, இடது கால் கட்ட வெரல்ல துணி சுத்தியிருந்துச்சு. அவன் கோடு போட்ட சட்ட, மேல் பட்டன் இல்ல...”

“பேர்?”

“கேக்கல. பெடியன்னு தெரிஞ்சப்புறம் பேரு எதுக்குன்னு... லிஸ்டுல நம்பர் போட்டேன்.”

எழுந்து போனார். வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி, பத்தடி போய், திரும்பி வந்து செருப்பு மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அப்ரார் பாய் நாஷ்டாவே சாப்பிடவில்லை என்பது மத்தியானம்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது துளசிராமன் படியில் உட்கார்ந்திருந்தார். முகாமுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். பதினான்கு வருஷமாக அந்த ஊரில் இருந்தும், அவர் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“நீ ஒர்த்தி சொன்னா வதந்திம்மா, தப்பா எட்துக்காத” என்றார் யோகராணி அக்காவிடம். “ஏழு பேரக் கேட்டேன். தனித்தனியா. எதுக்குன்னு சொல்லல. பெடியன்னா இன்னான்னு மட்டும் கேட்டேன். ஒரு கெழவி என்னப் பைத்தியம்னு நெனச்சிகினு, மடில கெடந்த பேரன் தலைல கைய வெச்சி, இதுதான் பெடியன்னு காட்டுச்சு.”

பிறகு பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார். “ஏழாம் பக்கத்த எட்துட்டு புதுசா போடு. நான் சொல்றேன்.”

சொன்னார். நான் ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்தேன்: எண்பத்தேழாம் ஆண்டு, ஒரு தாய் தன் மகனை மகன் என்று சொன்னார். நான் தவறாக மொழிபெயர்த்தேன். அவனைப் பிடித்துக் கொடுத்தது நான். பாராட்டுப் பெற்றது நான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வேன்.

“ஆபீசர்” என்றார் பாய், மெதுவாக. “நீ எலக்சன்ல நிக்கிறியா, இல்ல தூக்குமேடைல நிக்கிறியா? சும்மா உட்டுரு, அந்தப் பக்கமே வாணாம். பதினஞ்சு பக்கம் போடலாம்.”

“பதினஞ்சு பக்கம் மடிக்க வராது பாய்.”

திருத்திய புத்தகம் வெளியே வரவே இல்லை. விஷயம் ஒன்றியச் செயலாளர் பச்சையப்பன் காதுக்குப் போனதும் கடைக்கே வந்துவிட்டார். “யோவ், உனக்கு இன்னா கிறுக்கா? இந்த ஒத்த வார்த்தைக்காகத்தான் உனக்கு சீட்டே குடுத்தோம்!” என்று கத்தினார். பழைய படியைப் பிடுங்கிக்கொண்டு போய், ஏழாம் பக்கத்தில் வட்டம் போட்ட சொல்லோடு, சென்னையில் ஐயாயிரம் அடித்து வீட்டுக்கு வீடு போட்டார். துளசிராமனுக்கு மிச்சமிருந்தது மைக் ஒன்றுதான்.

பிரசாரத்தின் கடைசி நாள் மாலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூட்டம். நான் போனேன். யோகராணி அக்கா வரவில்லை. துளசிராமன் மைக்கைத் தட்டியதும் வழக்கம்போலக் குரல் வந்தது. அவர் பிகு செய்யவில்லை. நேராக அந்த வாசலுக்குப் போனார். அந்த அம்மா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தார். அவர் மைக்கை நீட்டவில்லை. கூட்டம் காத்திருக்கவும் இல்லை.

“பெடியன்!”

“இல்ல” என்றார்.

சிரிப்பு. புது நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

“இல்லப்பா. கேளுங்க. பெடியன்னா மவன். பொடிப்பையன்னு சொல்றோமே, அது. அந்தம்மா எம்மவன்னு சொல்லுச்சு. எனுக்குப் புரியல. நான் அவனப் புடிச்சிக் குட்த்துட்டேன். அவன் துப்பாக்கி தூக்குனவன் இல்ல.”

இப்போது என்ன ஆகும், கல் வருமா, செருப்பு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான்.

“பரவால்ல உடு ஆபீசர்! சண்டன்னா அப்பிடித்தான்! மனசுல வெச்சிக்காம சொன்ன பாரு, நீதான்யா மனுசன்!”

கை தட்டல். விசில். எவனோ ஒருவன் பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினான். பச்சையப்பன் மேடையில் ஓடிவந்து அவர் கழுத்தில் துண்டு போட்டார். துளசிராமன் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்ற முகத்தை என்னால் எழுத முடியவில்லை. கல் வந்திருந்தால் அவர் நின்று வாங்கியிருப்பார். கை தட்டலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பதவியேற்ற கையோடு அவர் செய்த முதல் காரியம் முகாமுக்குப் போனதுதான். அந்த வருஷம் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு படகுகள் வர ஆரம்பித்திருந்தன. மண்டபம் முகாமிலிருந்து புதுக் குடும்பங்களைக் கும்மிடிப்பூண்டிக்கும் அனுப்பினார்கள். துளசிராமனுக்கு அந்தக் கிராமத்தின் பெயர்கூடத் தெரியாது. ராணுவ வரைபடத்தில் இருந்த எண்தான் தெரியும். ஆனால் கடற்கரை எந்தப் பக்கம், கோயில் எவ்வளவு தூரம், பனங்காடு எங்கே முடியும் என்பதெல்லாம் தெரியும். யோகராணி அக்கா அதைக் கேட்டுவிட்டு, இந்த மூன்று ஊரில் ஒன்றாக இருக்கும் என்றார். புதிதாக வருகிறவர்களில் அந்தக் கரைக்காரர்கள் இருந்தால் சொல்வதாகச் சொன்னார்.

நவம்பரில் ஒரு முற்பகல், அந்தக் கரைக்கார அம்மா ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார். கடையிலிருந்து, புதிதாக வந்தவர்கள் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்கிற விண்ணப்பப் பாரங்களை எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு போனேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, பத்துக்குப் பத்து. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. துளசிராமன் வெறும் தரையில் உட்கார்ந்தார். ஆனாலும் அந்தப் பட்டாளத்து முதுகு வளையவில்லை. அந்த அம்மா அந்த முதுகைப் பார்த்தார், ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

“குந்தும்மா. நான் கவுன்சிலரு” என்றார். அந்த அம்மா உட்காரவில்லை.

துளசிராமன் கேள்வி கேட்கவில்லை. தானாகப் பேசுகிற மாதிரி அந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். கோயில். பனங்காடு. அதைத் தாண்டி ஒரு வீடு. நீலத் தகரக் கேட்டு. முருங்கை மரம். காது கிழிந்த ஆடு. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவர். அவருக்கு ஒரே பெடியன்.

“அப்பிடி ஒருத்தரும் எங்கட ஊரிலை இல்லை, ஐயா” என்றார் அந்த அம்மா.

குரலில் ஒன்றுமில்லை. ஆனால் நீலத் தகரக் கேட்டு என்று சொன்னபோது, சேலை முனையைச் சுருட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றதை நான் பார்த்தேன். நானே பார்த்தேன் என்றால் துளசிராமன் எனக்கு முன்னால் பார்த்திருப்பார். அவருடைய தொழிலே அதுதான். யோகராணி அக்காவும் பார்த்துவிட்டார். குனிந்து துளசிராமன் காதில், “அவவுக்குத் தெரியும். கேளுங்கோ” என்றார்.

துளசிராமன் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு கேள்வி போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கேள்வி என்பதும் தெரிந்திருந்தது. உள்ளே தூங்குகிற குழந்தையின் பக்கம் அவர் பார்வை ஒரு தடவை போய், சட்டென்று திரும்பியது. அந்த அம்மாவின் கை, குழந்தை இருக்கிற பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டது.

அவர் எழுந்தார்.

“அம்மா, எம்பேரு துளசிராமன்” என்றார். “எண்பத்தேழுல உங்க கரைக்கு வந்த பட்டாளத்துல இருந்தேன். அந்த வாசல்ல நின்னு, அந்தப் பெடியனத் தப்பாச் சொல்லிப் புடிச்சிக் குடுத்தது நான்தான். அவன் பேரு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லணும்னு இல்ல. நான் யாருன்னு தெரியாம எங்கிட்டப் பேச வேணாம்னுதான் சொல்றேன்.”

அந்த அம்மா அவரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். கோபமா, பயமா, அடையாளம் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முறத்தில் அரிசி அப்படியே கிடக்க, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே ஏதோ ஒரு கனமான சாமானை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

“ஏன் சொன்னனீங்கள்?” என்றார் யோகராணி அக்கா. அவருக்கு அழுகை வந்துவிட்டது. “இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருக்கும். இனி அவ சொல்லவே மாட்டா.”

“தெரியும்மா” என்றார் துளசிராமன்.

அவர் குனிந்து, முறத்தில் வாய் வைக்க வந்த கோழியை விரட்டினார். முறத்தைத் தூக்கிக் கதவோரம், கோழிக்கு எட்டாத ஜன்னல் திண்டில் வைத்தார். என் கையிலிருந்த பாரங்களில் ஒன்றை எடுத்து மடித்துக் கதவுக்கடியில் தள்ளினார். அது பாதி உள்ளே போனது. மீதிப் பாதியை உள்ளேயிருந்து யாரும் இழுக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாதித் தாளைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம்.